கணிப்பொறிக்குள் கிடக்கும் கடிதங்களைத் தேடியெடுக்கும் வழி

இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் திரூரில் தோன்றியது என்பதை நம் வட்டாரத்து அங்கத்தினர்கள் பெருமையுடன் கூறிக்கொள்வதுண்டு. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடிக்கு மேற்கே அமைந்த ஊர் அது. அந்நாள் தொட்டு ஒவ்வொரு சங்கத்திலும் வந்த தபாலுக்கு ஒரு பதிவேடும் அனுப்பிய தபாலுக்கு ஒரு பதிவேடும் இருந்து வந்திருக்கின்றன. கடிதம் வந்த நாள், அனுப்பியவர், விஷயம், அது எந்தக் கோப்பில் சேர்க்கப்பட்டது ஆகிய நான்கும் ஒரே வரியில் அடங்கிவிடும். முப்பது வருஷத்துக்கு முந்திய கடிதமாயினும், பதிவேட்டைப் புரட்டத் தெரிந்த குமாஸ்தா அரை மணியில் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

இன்று அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி மின்னஞ்சலாகவே வருகிறது. நூல் கொள்முதல் பற்றிய விலைப்பட்டியல், தள்ளுபடி மானியத்துக்கான சுற்றறிக்கை, பயிர்க்கடன் வரம்பு, உரவிருப்பு அறிக்கை, தணிக்கைக் குறிப்புக்குக் கேட்கப்படும் விளக்கம் எல்லாம் கணிப்பொறியில்தான் வந்து இறங்குகின்றன. பதிவேட்டில் அவற்றை ஏற்றுகிற சங்கங்கள் மிகச் சில. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டம் கணக்கேடுகளைச் சீர்செய்யப் பிறந்தது. கடிதங்களைப் பேணும் வேலை இன்னும் காரியதரிசியின் தலையிலேயே இருக்கிறது.

ஆகவே இம்மாதம், மின்னஞ்சல் கோப்புகளைக் கணிப்பொறி தானே படித்துக் குறிப்பெடுத்து வைத்துக்கொள்ளும்படி செய்வது எப்படி என்பதைச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம். இது நிபுணர்களின் வித்தை என்று எண்ணி எவரும் ஒதுங்க வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று எத்தனையோ கணிப்பொறி நிறுவனங்கள் இயங்குகின்றன. நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் அநேகர் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சங்கத்துக்கு அழைத்து வந்தால், இங்கே கூறப்போவதில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். பெரிய ஆராய்ச்சி நூல்களின் இறுதியில் சொல்லடைவு ஒன்று அச்சிட்டிருப்பார்கள். இன்ன சொல் இன்ன பக்கங்களில் வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் பகுதி அது. அது இல்லாத நூலில் ஒரு பெயரைத் தேட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டும். கணிப்பொறியின் நிலையும் அதுவே. அது ஓய்வாக இருக்கும் நேரத்தில் கடிதங்களையெல்லாம் ஒருமுறை படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் கடிதத்தில் உள்ளது என்று தனியே ஓர் அடைவு எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து தேடும்போது அது கடிதங்களைத் தொடுவதில்லை, அடைவைத்தான் பார்க்கிறது. விடை நொடியில் வருவதற்குக் காரணம் இதுதான். விடை சில சமயம் தவறாக அமைவதற்கும் இதுவே காரணம். அடைவில் ஏறாத கடிதம், எதிரிலேயே இருந்தாலும், கணிப்பொறியின் கணக்கில் இல்லாத கடிதம்தான்.

வீட்டுக் கணிப்பொறியில் இவ்வகைத் தேடுதலைப் பொதுமக்களிடையே பரப்பியவற்றுள் ஒன்று, 2004ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட மேசைத் தேடுகருவி. 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் விண்டோஸ் இயக்கமுறையிலேயே இந்த வசதி உள்ளமைந்துவிட்டது. நம் சங்கங்களில் இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் கணிப்பொறிகளே. ஆதலால் அதைப் பற்றியே பேசுவோம்.

கண்ட்ரோல் பேனல் என்ற பகுதியில் ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது. அதைத் திறந்தால், எந்தெந்த இடங்களை அடைவில் ஏற்றுகிறது என்ற பட்டியல் தெரியும். இங்கேதான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. கணிப்பொறி வாங்கிய நிலையில், பயனாளரின் சொந்த ஆவணப் பகுதி, முகப்புத் திரை போன்ற சில இடங்களை மட்டுமே அது படிக்கும். நம் அலுவலகங்களிலோ ‘டி’ என்னும் இரண்டாம் பிரிவில் எல்லாவற்றையும் குவித்து வைப்பதுதான் வழக்கம். அந்தப் பிரிவை அது எட்டிக்கூடப் பார்த்திராது. ‘மாடிஃபை’ என்ற பொத்தானை அழுத்தி, கடிதங்கள் உள்ள உறைகளையும் அவுட்லுக் என்ற பெயரையும் குறியிட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

அடுத்து ‘அட்வான்ஸ்டு’ என்ற பொத்தானுக்குள் ‘ஃபைல் டைப்ஸ்’ என்ற பக்கம் உண்டு. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் இரண்டு நிலைகள்: கோப்பின் பெயர், தேதி முதலிய புறவிவரங்களை மட்டும் குறித்துக்கொள்வது ஒன்று, உள்ளே எழுதியிருப்பதையும் படிப்பது மற்றொன்று. தனித்தனிக் கடிதங்களாகச் சேமிக்கப்பட்ட ஈ.எம்.எல். வகைக்கும் எம்.எஸ்.ஜி. வகைக்கும் இரண்டாவது நிலையே குறியிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. உறையின் மேல் முகவரியை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கும் குமாஸ்தாவால் நமக்கு என்ன பயன்?

இனி, கடிதங்கள் எந்த உருவில் கிடக்கின்றன என்பதை அறிய வேண்டும். அவுட்லுக்கின் பழைய வடிவத்தை உபயோகிப்போரிடம் இரண்டு விதக் கோப்புகள் காணப்படும். பி.எஸ்.டி. என்பது முழுக் கடிதப் பெட்டியையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பது. ஓ.எஸ்.டி. என்பது தொலைவிலுள்ள அஞ்சல் கணக்கின் நகல். பி.எஸ்.டி. மூட்டையை வேறொரு கணிப்பொறிக்குக் கொண்டுசென்று திறக்கலாம். ஓ.எஸ்.டி.யை அவ்விதம் திறக்க இயலாது; அது தன் கணக்கோடு பிணைந்தது. ஒருவர் ஓய்வு பெறும்போது அவருடைய கணிப்பொறியிலிருந்து ஓ.எஸ்.டி. கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது, பூட்டிய பெட்டியை வாங்கிக்கொண்டு சாவியைக் கேட்க மறப்பது போன்றது. அவர் விடைபெறுமுன் அவுட்லுக்கிலிருந்தே பி.எஸ்.டி.யாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

பி.எஸ்.டி. மூட்டை வட்டில் இருப்பது மட்டும் போதாது. அவுட்லுக்குக்குள் அது திறந்த நிலையில் இணைந்திருந்தால்தான் உள்ளிருக்கும் கடிதங்கள் அடைவில் ஏறும். ‘ஃபைல்’, ‘ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்’, ‘ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்’ என்ற வரிசையில் சென்று அதை இணைக்கலாம். வலைப்பின்னலின் மறுமுனையிலுள்ள பொது வட்டில் பி.எஸ்.டி.யை வைத்து உபயோகிப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. கோப்பு பழுதாக இடமுண்டு. கணிப்பொறியின் சொந்த வட்டுக்கு மாற்றிக்கொள்வதே நலம். அளவுக்கும் வரம்பு உண்டு. 2002 வரையிலான அவுட்லுக் வடிவங்களில் ஒரு மூட்டை 2 ஜிகாபைட்டைத் தாண்டலாகாது. 2003லும் 2007லும் அது 20 ஆயிற்று. 2010 முதல் 50. பழைய மூட்டைகள் சிலவற்றில் வரம்பைத் தொட்டதும் புதுக்கடிதம் ஏறாமல் நின்றிருக்கக் கூடும். தேதி வரிசையில் கடைசிக் கடிதம் எது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்டர்பேர்டு என்ற இலவசச் செயலியை உபயோகிக்கும் சங்கங்களும் உள. அது ஒரு உறையின் கடிதங்களையெல்லாம் ஒரே நீண்ட கோப்பாக, பெயருக்குப் பின்னொட்டு ஏதுமின்றி எழுதி வைக்கும். விண்டோஸ் அதைக் கடிதமென்று அறிவதில்லை. ஆனால் தண்டர்பேர்டு தனக்கென்று ஓர் அடைவு வைத்திருக்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் பொதுத் தேடுதலுக்கான குறி இடப்பட்டிருக்க வேண்டும். கடிதத்தின் தலைப்பு மட்டுமன்றி முழுக் கடிதமும் கணிப்பொறியில் இறங்கும்படி ஏற்பாடும் செய்திருக்க வேண்டும். அவுட்லுக்கிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். சில அலுவலகக் கணக்குகளில் கடந்த ஓராண்டுக் கடிதங்களை மட்டும் இறக்கி வைக்கும்படி அமைந்திருக்கும். அதற்கு முந்தியவை தொலைவிலேயே தங்கிவிடும். நம் கணிப்பொறியின் அடைவில் அவை இடம் பெறுவதில்லை.

இவற்றையெல்லாம் செய்து முடித்த பின் கணிப்பொறியை ஓர் இரவு அணைக்காமல் விட்டுவைக்க வேண்டும். நாம் வேலை செய்துகொண்டிருக்கையில் அது அடைவு எழுதுவதைத் தளர்த்திக்கொள்ளும். சங்கத்தின் மின்கட்டணத்தைக் கருதி மாலை ஐந்தரைக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிடும் நற்பழக்கம் உள்ள இடங்களில், அடைவு மாதக்கணக்கில் அரைகுறையாகவே நிற்பதைக் கண்டிருக்கிறோம். அடைவு அதிக இடத்தை விழுங்கிவிடும் என்ற பயமும் வேண்டாம். படிக்கப்பட்ட கோப்புகளின் அளவில் சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அது இடம் பிடிக்கிறது.

இதெல்லாம் இவ்வளவு அவசியமா என்று கேட்கும் அன்பர்களுக்கு, பூந்தமல்லிக்கு மேற்கேயுள்ள ஒரு சங்கத்தில் நாம் கண்டதைச் சொல்ல வேண்டும். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த ரூ.12,110 கோடிப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்து அறிவித்தது நினைவிருக்கும். அச்சங்கத்து அங்கத்தினரான ஓர் அம்மையாரின் பெயரும் தள்ளுபடிப் பட்டியலில் இருந்தது. ஆனால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாறிப் போயிருந்தது. திருத்தப் பட்டியல் ஒன்று மின்னஞ்சலில் வந்ததாக அவருக்கு வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். பின்னர் காரியதரிசி ஓய்வு பெற்றார், கணிப்பொறியும் மாற்றப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துப் புதுக்கடன் கேட்டு அம்மையார் வந்தபோது, பழைய கடன் அப்படியே நிலுவையாகப் பேரேட்டில் நின்றது. புதிய காரியதரிசி நேர்மையானவர், கணிப்பொறியில் தேடினார். “அம்மா, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று காட்டுகிறதே, நான் என்ன செய்வேன்?” என்றார். “வந்தது ஐயா. பழைய ஐயா எனக்கு எதிரிலேயே படித்துக் காட்டினார்” என்று அவர் மறுபடியும் மறுபடியும் கூறிக்கொண்டிருந்தார். கத்தரி நாற்று நட ஆளுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார் அவர்.

நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்த நாள் அது. பழைய கணிப்பொறியிலிருந்து பிரதி எடுத்த பி.எஸ்.டி. மூட்டை ‘டி’ பிரிவில் ‘பழையது’ என்ற உறையில் கிடந்தது. எவரும் அதை அவுட்லுக்கில் இணைக்கவில்லை. இணைத்துவிட்டு, அன்றிரவு கணிப்பொறியை ஓடவிட்டு, மறுநாள் காலையில் அம்மையாரின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்தோம். ஒன்றும் வரவில்லை. ஊரின் பெயரைக் கொடுத்தோம், அப்போதும் இல்லை. கடைசியில் அவருடைய கடன் கணக்கு எண்ணை மட்டும் இட்டபோது ஒரே ஒரு கடிதம் வந்து நின்றது. திருத்தப் பட்டியல் அதனுடன் இணைந்திருந்தது.

பெயருக்கு அகப்படாதது எண்ணுக்கு அகப்பட்டதேன்? நம் தமிழ் அலுவலகங்கள் அனைத்துக்கும் பொதுவான சங்கடம் இது; வேறெதையும்விட இதை அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ள வேண்டுமென விரும்புகிறோம். அந்தக் கடிதம் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டது. யூனிகோடு முறைக்கு மாறாத எழுத்துருக்களில், திரையில் நமக்குத் தெரிவது தமிழ் வடிவம். உள்ளே பதிவாவதோ ரோமன் எழுத்துக்களும் குறிகளும்தான். எழுத்துருவை நீக்கிப் பார்த்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அடைவு எழுதும் கணிப்பொறிக்கு எழுத்துரு தெரியாது; குவியலைத்தான் குறித்துக்கொள்ளும். நாம் யூனிகோடு தமிழில் தேடினால் எப்படிப் பொருந்தும்? 0 முதல் 9 வரையுள்ள எண்கள் மாத்திரம் பெரும்பாலான எழுத்துருக்களிலும் மாறாமல் இருப்பவை. அம்மையாரைக் காப்பாற்றியது அந்த எண்தான்.

யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் எனும் குறியீடுகளும் அரசின் அங்கீகாரம் பெற்றன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் கைப்பழக்கத்தால் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சு செய்வோர் இருக்கிறார்கள். அக்கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இனி எழுதும் கடிதங்களையாவது யூனிகோடில் எழுத வேண்டும் என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும்; ஒரு காசு செலவில்லை.

யூனிகோடில் எழுதிய கடிதங்களிலும் தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. ‘சங்கம்’ என்று தேடினால் ‘சங்கத்தின்’, ‘சங்கத்துக்கு’ என்பன அகப்படா. விண்டோஸ் தேடுதலும் அவுட்லுக் தேடுதலும் சொல்லின் தொடக்கத்தை ஒட்டிப் பொருத்துபவை. எனவே ‘சங்க’ என்று நிறுத்தித் தேடினால் எல்லா வேற்றுமை உருவங்களும் வந்துவிடும். ‘பட்டியல்’ என்பதற்குப் பட்டிய, ‘கடன்’ என்பதற்குக் கட என்று வெட்டிக்கொண்டே போகலாமா என்றால், கூடாது. ‘கட’ என்று கொடுத்தால் கடலை முதல் கடவுள் வரை எல்லாம் வந்து சேரும். ‘கடன்’ உருபேற்றாலும் ‘கடனை’, ‘கடனுக்கு’ என்றாகி மெய் புள்ளி இழந்துவிடும். அங்கே ‘கடன’ என்று புள்ளியில்லாமல் இடுவதே தந்திரம். சிட்டத்தில் நுனியைக் கண்டுபிடிக்கும் நெசவாளருக்கு இந்தப் பொறுமை சொல்லித்தர வேண்டியதில்லை. ஜிமெயிலில் மாத்திரம் முழுச்சொல்லாகவே பொருத்துவதால் இந்த உபாயம் பலிக்காது. ஒவ்வொரு உருவமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, பூனமல்லி என்று ஒரே ஊரைக் கடிதத்துக்குக் கடிதம் வெவ்வேறாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலோ கேட்கவே வேண்டாம். 2020இல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, அது ஜூன் மாதம் செய்தியான சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இடைவேளையில் எழுதப்பட்ட கடிதங்களில் புதிய கூட்டலும் புகுந்திருக்கலாம். தேடுவோர் எல்லா வடிவங்களையும் முயன்று பார்க்க வேண்டும்.

இணைப்புகள் இன்னொரு தொல்லை. வருடி எடுத்த பி.டி.எஃப். என்பது எழுத்தல்ல, எழுத்தின் புகைப்படம். அதை அடைவில் ஏற்றக் கணிப்பொறிக்குச் சொல் ஏதும் அகப்படாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் தமிழுக்கும் வந்துவிட்டன. டெசராக்ட் என்ற இலவசச் செயலி ஓர் உதாரணம். ஆயினும் முத்திரை விழுந்த, கோணலாக வருடிய தாள்களில் அவை தடுமாறும். சுருக்கமான வழி: கடிதம் வந்தவுடனே இணைப்பின் பெயரில் தேதி, கணக்கு எண், விஷயம் ஆகிய மூன்றையும் எழுதிச் சேமித்துவிடுவது. ‘ஸ்கேன்001’ என்ற பெயரில் நூறு கோப்பு இருந்தால் எவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மேனாட்டில் 1985இல் பிளேர், மேரன் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, வழக்கறிஞர்களைத் தேடவிட்டார்கள். தேவையானவற்றில் நான்கில் மூன்று பங்கை எடுத்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பினார்கள். சோதித்தபோது, உண்மையில் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரே விஷயத்தை எத்தனையோ சொற்களால் எழுதலாம் என்பதை எவரும் முன்கூட்டி ஊகிக்கவில்லை. ஆகவே ‘கணிப்பொறியில் இல்லை’ என்பதை ஓர் அங்கத்தினரின் உரிமையை மறுப்பதற்கு ஆதாரமாகக் கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. இணைக்காத மூட்டை, பழைய எழுத்துரு, புகைப்பட இணைப்பு இம்மூன்றையும் பார்த்த பின்பே அந்தச் சொல்லை உச்சரிக்கலாம்.

கண்டெடுத்த கடிதத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா என்று அந்தச் சங்கத்தில் கேட்டார்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் அளித்திருக்கிறது. நீதிமன்றத்தில் அதன் அச்சுப் பிரதியைத் தாக்கல் செய்வதாயின், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். நிர்வாக மட்டத்தில் அத்தனை தூரம் போக வேண்டிய தேவை எழவில்லை. கடிதத்தை அனுப்பிய மேலலுவலகத்திலேயே அதன் நகலைக் காட்டி உறுதி பெற்று, பேரேட்டைத் திருத்தினார்கள். அம்மையாருக்கு நிலுவையின்மைச் சான்று அந்த வாரத்திலேயே கிடைத்தது. நடவுக்குக் கடன் மட்டும் பத்து நாள் பிந்திற்று.

எல்லாம் எளிதில் தேடக் கிடைக்கும்போது, பார்க்கக் கூடாதவர் பார்ப்பதும் எளிதாகிவிடுகிறது. அங்கத்தினரின் ஆதார் பிரதி, கணக்கு எண், நகைக்கடன் விவரம் எல்லாம் அக்கடிதங்களில்தான் இருக்கின்றன. வருவோர் போவோரெல்லாம் ஒரே கடவுச்சொல்லில் அமரும் கணிப்பொறியில் இந்த அடைவை ஏற்படுத்த வேண்டாம். காரியதரிசிக்கும் காசாளருக்கும் தனித்தனிப் பயனாளர் கணக்கு ஏற்படுத்திய பிறகே தொடங்குக.

வரும் காலாண்டு ஆய்வுகளில் ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்து காட்டும்படி நாம் கேட்கவிருக்கிறோம். அடைவு முடிந்தது என்ற வரி மேலே தெரிய வேண்டும். முன்னாள் காரியதரிசிகளின் மூட்டைகள் இடப்பட்டியலில் இருக்க வேண்டும். பல நாள் விட்டும் எண்ணிக்கை நகராமல் நின்றால், ‘அட்வான்ஸ்டு’ பக்கத்திலுள்ள ‘ரீபில்ட்’ பொத்தானை அழுத்தி அடைவை ஆதியிலிருந்து எழுதச் செய்யலாம். கடிதங்களுக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை. ஆனால் அது முடியும்வரை தேடுதல் அரைகுறையாகவே விடை தரும். ஆகையால் சனிக்கிழமை மாலையில் அழுத்திவிட்டுத் திங்கட்கிழமை காலையில் பார்ப்பது உத்தமம்.